கொரியப் பாட்டுக்கு வெளிநாட்டு ரசிகர்கள் ஏன் இப்படி விழுந்து கிடக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: கொரிய மொழியில் ஒரு வரிகூடப் புரியாத பிள்ளைகள், பெருவிலும் பிரான்சிலும் இந்தோனேசியாவிலும் நம் ஊரிலும், கே-பாப் என்கிற கொரியப் பாப் இசையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது ஏன்? கேட்டவர் தன் மகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். ஒரு பதிலையும் தானே சேர்த்திருக்கிறார்: பையன்கள் பார்க்க அழகாக இருக்கிறார்கள், கொரிய அரசாங்கம் பணத்தைக் கொட்டுகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. அழகு ஒரு காரணம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அழகான முகங்களுக்கு எந்த நாட்டிலும் பஞ்சம் கிடையாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டும் ஆட்டமும் ஆளை உள்ளே இழுக்கின்றன. உள்ளே வந்தவரை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது, அங்கே அவருக்குக் கிடைக்கும் வேலை. கே-பாப் ரசிகர் கைகட்டி உட்கார்ந்து கேட்பவர் இல்லை. பாட்டின் நடுவே அவர் கத்த வேண்டிய இடம் இருக்கிறது. போட வேண்டிய ஓட்டு, மொழிபெயர்க்க வேண்டிய வீடியோ, மாற்றிக்கொள்ள வேண்டிய அட்டை என்று ஏதாவது ஒன்று எப்போதும் காத்திருக்கிறது.

அரசாங்கக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1997 நிதி நெருக்கடியில் கொரியா ஐ.எம்.எஃப். வாசலில் போய் நின்றது. அடுத்து வந்த கிம் தே-ஜுங் ஆட்சி பண்பாட்டுத் தொழில்களை வளர்ப்பதற்கென்றே 1999-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கே-பாப்பின் பெரிய இசைக் கம்பெனிகளான எஸ்.எம். 1995-லும் ஒய்.ஜி. 1996-லும் ஜே.ஒய்.பி. 1997-லும் தொடங்கியாயிற்று. சட்டம் வந்தபோது கடைகள் திறந்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அரசு செய்த பெரிய உதவி எது என்று என்னைக் கேட்டால், 1996-இல் பாட்டுக்கான முன்தணிக்கையை ஒழித்ததைத்தான் சொல்வேன். அதற்குப் பணம் செலவாகவில்லை.

மொழி புரியாமல் எப்படி ரசிக்கிறார்கள் என்று தமிழர்கள் ஆச்சரியப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம். 'முத்து' படம் 1998-இல் டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓடியது. ரஜினியின் வசனம் புரிந்தா ஜப்பானியர்கள் விசிலடித்தார்கள்? சரி, அதை விடுங்கள்.

கே-பாப் வெளிநாட்டு ரசிகரைத் தற்செயலாகப் பிடிக்கவில்லை. பிடித்தே ஆக வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. 1992 ஏப்ரலில் எம்.பி.சி. தொலைக்காட்சியின் திறமைப் போட்டி ஒன்றில் 'சோ தேஜி அண்ட் பாய்ஸ்' என்று மூன்று பையன்கள் ராப் பாடி ஆடினார்கள். நடுவர்கள் கொடுத்தது அன்றைய மிகக் குறைந்த மதிப்பெண். பாட்டோ வாரக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. அந்த மூவரில் ஒருவரான யாங் ஹ்யுன்-சுக்தான் பிற்பாடு ஒய்.ஜி.யைத் தொடங்கியவர். பாட்டு வாங்கும் கூட்டம் பள்ளிப் பிள்ளைகள்தான் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. எஸ்.எம். நிறுவனர் லீ சூ-மான் அதை அப்படியே தொழிலாக்கி, 1996-இல் எச்.ஓ.டி. என்ற ஐந்து பேர் குழுவை இறக்கினார்.

ஆனால் அன்றைக்கு ஐந்து கோடிப் பேர் கூட இல்லாத நாடு அது. 2000 வாக்கில் இணையத்தில் பாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கிக்கொள்வது பரவியதும் சிடி விற்பனை படுத்துவிட்டது. பக்கத்தில் இருப்பதோ ஜப்பான், உலகத்தின் இரண்டாவது பெரிய இசைச் சந்தை. போவா என்ற சிறுமியை 11 வயதில் கண்டுபிடித்து, ஆடவும் பாடவும் ஜப்பானிய மொழி பேசவும் பழக்கி, 13 வயதில் கொரியாவிலும் மறு வருடமே ஜப்பானிலும் அறிமுகப்படுத்தியது எஸ்.எம். 2002-இல் அவருடைய ஜப்பானிய ஆல்பம் அங்கே ஓரிகான் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு குழு அமைக்கும்போதே வெளிச் சந்தையும் கணக்கில் வந்துவிட்டது. 2பிஎம்-இல் தாய்லாந்துக் குடும்பத்து நிக்குன், பிளாக்பிங்கில் தாய்லாந்து லிசா, ட்வைஸில் மூன்று ஜப்பானியப் பெண்களும் ஒரு தைவான் பெண்ணும். பாங்காக்கில் இருக்கும் பெண் லிசாவைப் பார்க்கும்போது கொரியாவை அண்ணாந்து பார்ப்பதில்லை, தன் ஊர்க்காரியைப் பார்க்கிறாள்.

பாட்டுக்கு வருவோம். இதைப் பலர் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒன்பது பேர் இருக்கும் குழுவில் ஒன்பது பேருக்கும் பாட்டில் இடம் வேண்டும். ஒருத்திக்கு உச்சக் குரல், ஒருத்திக்கு ராப், ஒருத்திக்குப் பாடுவதைவிட ஆடுவது நன்றாக வரும். ஆகவே மூன்றரை நிமிடத்துக்குள் ராப் ஒரு துண்டு, மெல்லிய மெட்டு ஒரு துண்டு, திரும்பத் திரும்ப வரும் வரி, வெறும் ஆட்டத்துக்காக ஒரு இடைவெளி, கடைசியில் சுருதி ஏறி மறுபடி பல்லவி என்று அடைக்கிறார்கள். அதே காலத்தில் அமெரிக்கப் பாப் நான்கே சுரக்கூட்டுகளை (கார்ட்) முழுப் பாட்டுக்கும் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. மெட்டுப் பசியோடு இருந்தவர்களுக்கு இது விருந்து. கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற பெண்கள் குழு 2013 தொடக்கத்தில் வெளியிட்ட 'ஐ காட் எ பாய்' இதன் உச்சம். தாளமும் வேகமும் நடுவழியில் பலமுறை மாறும், மூன்று பாட்டுகளை ஒட்டவைத்தது போல இருக்கும். முதல் தடவை கேட்டால் எரிச்சல்தான் வரும், பிறகு தலையை விட்டுப் போகாது. அந்த ஆண்டு யூடியூப் இசை விருதில் சிறந்த வீடியோவாக அது ஜெயித்தபோது அமெரிக்க ரசிகர்கள் பலர் யார் இவர்கள் என்று கேட்டார்கள்.

அந்த மெட்டு போட்டவர்களில் பலர் கொரியர்களே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'ஐ காட் எ பாய்' பாட்டிலும், அதே குழுவின் 2009 பாட்டான 'ஜீனி'யிலும் நார்வேக்காரர்களின் கை இருக்கிறது. சுவீடன், பிரிட்டன், அமெரிக்க இசையமைப்பாளர்களை சோலுக்கு வரவழைத்து ஒரே கட்டடத்தில் உட்காரவைத்துப் பாட்டு எழுதவைப்பது எஸ்.எம்.மின் வழக்கம். அடியில் ஓடும் தாளமும் ராப்பும் ஆர் அண்ட் பி பாடும் முறையும் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடமிருந்து வந்தவை. நியூ ஜாக் ஸ்விங் என்ற ஆர் அண்ட் பி பாணியை உருவாக்கிய அமெரிக்கர் டெடி ரைலியே 2011-இல் கேர்ள்ஸ் ஜெனரேஷனுக்குப் பாட்டுப் போட்டார். ஆக, வெளிநாட்டுக் காதுக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை, பழகியதும் இல்லை. கறுப்பின ரசிகர்கள் 'எங்களிடம் எடுத்துக்கொள்கிறீர்கள், எங்களை மதிப்பதில்லை' என்று அவ்வப்போது சண்டைக்கு வருவதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது யூடியூப். ஜப்பானியக் கம்பெனிகள் பாட்டில் பாதியை மட்டும் போட்டுவிட்டு மீதிக்கு சிடி வாங்கு என்றன. ஜெர்மனியில் உரிமைத்தொகைத் தகராறில் 2009 முதல் 2016 வரை ஏகப்பட்ட இசை வீடியோக்கள் முடக்கப்பட்டிருந்தன. கொரியக் கம்பெனிகளோ முழு வீடியோவையும் பளிச்சென்ற தரத்தில் இலவசமாகப் போட்டன. சிடி விற்காத நாட்டில் அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. 2012 ஜூலையில் சை என்ற பாடகரின் 'கங்னம் ஸ்டைல்' வந்தது. டிசம்பரில் யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தொட்ட முதல் வீடியோ அதுதான். ஆனால் சை-யால் வந்த கூட்டம் சிரித்துவிட்டுப் போய்விட்டது. நான் பேசும் ரசிகர்கள் அதற்கு முன்பே வந்தவர்கள். 2011 மே முதல் தேதி பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடு முன்னால் பிரெஞ்சு ரசிகர்கள் கூடிக் கே-பாப் நடனம் ஆடினார்கள். அடுத்த மாதம் நடக்கவிருந்த எஸ்.எம். இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் நிமிடங்களில் தீர்ந்துவிட்டது, இன்னொரு நாள் போடுங்கள் என்பது கோரிக்கை. போட்டார்கள்.

பாட்டு வீடியோவைவிட அதிகம் ஆட்களைச் சேர்த்தது நடனப் பயிற்சி வீடியோ என்பது என் எண்ணம். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்பெனியின் பயிற்சி அறை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, டிராக் பேன்ட், தொப்பி, அசையாமல் நிற்கும் ஒரே கேமரா. வெட்டு கிடையாது, ஒப்பனை கிடையாது. ஒருவர் தன் வரி முடிந்ததும் குனிந்து பின்பக்கமாக ஓட, அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் சரியாக அந்தத் தாளத்தில் வந்து நிற்பார். நடுவில் நிற்பவர் மூன்று நிமிடத்தில் பத்துப் பதினைந்து தடவை மாறுவார். பளபளப்பான வீடியோவில் தெரியாத உழைப்பு இதில் கால் அசைவு வரை தெரியும். ட்வைஸின் ஜிஹ்யோ 2005-இல் பயிற்சிக்குச் சேர்ந்து 2015-இல்தான் மேடை ஏறினார் என்பதைத் தெரிந்துகொண்டு இதைப் பார்த்தால் மரியாதை வரத்தான் செய்யும். இன்னொன்று, இதைப் பார்த்து நீங்களும் ஆடிப் பழகலாம். ரேண்டம் பிளே டான்ஸ் என்று பூங்காவிலும் மாலிலும் ஒரு ஸ்பீக்கரை வைத்து வெவ்வேறு பாட்டுகளின் பல்லவியை மட்டும் அடுத்தடுத்து ஓடவிடுவார்கள். தெரிந்தவர்கள் நடுவில் ஓடிவந்து ஆடுவார்கள், அடுத்த பாட்டுக்கு ஆள் மாறும். பேர் தெரியாத பத்துப் பேர் ஒரே அசைவில் ஆடுவதைப் பார்த்தால், இந்தப் பிள்ளைகளுக்கு இது ஏன் வேண்டியிருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த வேலை. ஒரு குழு புதுப் பாட்டு வெளியிடுவதைக் கம்பேக் என்பார்கள். வழக்கமாகக் கொரிய நேரம் மாலை 6 மணி, நமக்குப் பிற்பகல் 2.30. அமெரிக்கப் பட்டியலைக் குறிவைத்தால் வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்கு வரும், ஏனென்றால் நியூயார்க்கில் அப்போதுதான் கோடைக்கால நள்ளிரவு, பட்டியலுக்கான வாரமும் அங்கே அப்போதுதான் பிறக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு விரல் நுனியில் இருக்கும். பாட்டு வந்ததும் வியாழன் எம் கவுன்ட்டவுன், வெள்ளி மியூசிக் பேங்க், சனி மியூசிக் கோர், ஞாயிறு இன்கிகாயோ என்று தொலைக்காட்சி மேடைகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் வாராவாரம் ஒரு கோப்பை. விற்பனை, யூடியூப் பார்வை, ஓட்டு எல்லாம் சேர்த்து மதிப்பெண். யார் எந்தச் செயலியில் ஓட்டுப் போட வேண்டும், எத்தனை மணிக்குள் என்று ரசிகர்களே அட்டவணை போட்டுச் சுற்றுக்கு விடுவார்கள். கோப்பை வாங்கியவர்கள் கடைசியில் அதே பாட்டை நேரடிக் குரலில் பாட வேண்டும். அங்கே சுருதி விலகினால் எதிர்க் குழு ரசிகர்கள் ஒரு வாரம் விடமாட்டார்கள்.

அரங்கில் நடப்பது இதன் உச்சம். பிடிஎஸ் பாட்டு தொடங்கும்போது முன்னிசையின் மேல் கூட்டம் ஏழு பேரின் முழுப்பெயரையும் வரிசையாகக் கத்தும்: கிம் நம்ஜூன், கிம் சோக்ஜின், மின் யூன்கி, ஜுங் ஹோசோக், பார்க் ஜிமின், கிம் தேஹ்யுங், ஜோன் ஜுங்கூக், பிடிஎஸ்! எங்கே கத்த வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பதைக் கம்பெனியே முன்கூட்டி வெளியிட்டுவிடும். கையில் இருக்கும் லைட்ஸ்டிக், அதாவது கைவிளக்கு, புளூடூத்தில் அரங்கத்தோடு இணைந்து, பாட்டுக்கு ஏற்ப மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே நிறத்தில் மாறும். பிரேசிலில் நடந்தாலும் அந்த ஏழு பெயர்கள் அதே வரிசையில்தான் வரும்.

ரசிகரின் வேலைக்கு உண்மையான பலனும் உண்டு. 2014-இல் இஎக்ஸ்ஐடி என்ற பெண்கள் குழுவின் பாட்டு பட்டியலிலிருந்து விழுந்துவிட்டிருந்தது. ஒரு நிகழ்ச்சியில் அந்தக் குழுவின் ஹானி ஆடியதை ஒரு ரசிகர் தன் கேமராவில் எடுத்துப் போட்ட வீடியோ பரவி, அதே பாட்டு மாதங்கள் கழித்து முதலிடத்துக்கு ஏறியது. பிடிஎஸ் கதையும் இப்படித்தான். 2013-இல் வந்தபோது அவர்களுடைய பிக் ஹிட் சின்னக் கம்பெனி. தொலைக்காட்சியில் எளிதில் இடம் கிடைக்காது. ஆகவே பையன்களே வீடியோ எடுத்தார்கள், வலைப்பதிவில் புலம்பினார்கள், சமைத்தார்கள், சண்டை போட்டுச் சமாதானம் ஆனார்கள். இரவோடு இரவாக அதற்கு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அரபியிலும் துணைவரி போட்டவர்கள் காசு வாங்காத ரசிகர்கள். அமெரிக்க வானொலிகள் பாட்டைப் போட மறுத்தபோது 2017-இல் 50 மாநிலங்களிலும் ரசிகர்கள் குழு குழுவாகப் பிரிந்து நிலையங்களுக்குத் தொலைபேசியில் கேட்டார்கள், போட்ட அறிவிப்பாளர்களுக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். 2018-இல் பிடிஎஸ் ஆல்பம் அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200-இல் முதலிடம் வந்தபோது, அது தாங்கள் வாங்கிக் கொடுத்த இடம் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.

நம் பக்கத்தில் பலரும் சொல்லும் விளக்கம், சென்னையில் ஹூண்டாய் இருக்கிறது, கொரியர்கள் இருக்கிறார்கள், அதனால் வந்தது என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ் பேசிய கொரியத் தொடர்களைப் பார்த்தவர்கள் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். மற்றவர்கள் கையிலிருந்த போன் வழியாக வந்தார்கள். ஆல்பம் என்று வாங்கினால் சிடி பெயருக்குத்தான். உள்ளே தடித்த படப்புத்தகம், அதற்குள் யாருடைய படம் வரும் என்று தெரியாத ஒரு ஃபோட்டோகார்ட். தனக்குப் பிடித்தவர், அதாவது பயஸ், வராவிட்டால் வந்த அட்டையை மாற்றிக்கொள்ள ஆள் தேட வேண்டும். தபால் செலவும் சுங்கமும் ஆல்பம் விலையையே தாண்டும் என்பதால் பத்து இருபது பேர் சேர்ந்து குரூப் ஆர்டர் போடுவார்கள். பணம் வசூலிப்பது, பார்சல் வந்ததும் பிரித்துக் கூரியரில் அனுப்புவது எல்லாம் யாரோ ஒரு கல்லூரி மாணவியின் பொறுப்பு. அவளுக்கு அதில் கிடைப்பது கணக்கு வழக்கில் ஒரு நல்ல பயிற்சி.

வீட்டுக் கட்டுப்பாடு அதிகமுள்ள பெண்களுக்கு இது சௌகரியமான உலகம் என்பதையும் விட்டுவிடக் கூடாது. கொரியத் தொலைக்காட்சியில் பாட்டு வர வேண்டுமென்றால் வரிகள் பரிசீலனையைத் தாண்ட வேண்டும். கெட்ட வார்த்தையும் போதையும் வடிகட்டப்பட்டுவிடும். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே பார்க்கலாம். 2019-இல் பிடிஎஸ் ரியாத் மைதானத்தில் பாடியபோது ஹிஜாப் அணிந்த பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மை தீட்டிக்கொண்டு, நண்பனைக் கட்டிப்பிடித்து அழும் ஆண்களைப் பார்ப்பது அவர்களில் பலருக்குப் புதிது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ந்த ஆசியப் பிள்ளைகளுக்குத் தங்கள் முகச்சாயலில் ஒரு நட்சத்திரம் கிடைத்தது தனிக் கதை.

இதே கட்டமைப்பின் கசப்பும் கொஞ்சம் இல்லை. டிவிஎக்ஸ்கியு குழுவின் மூன்று பேர் தங்களுடைய 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-இல் வழக்குப் போட்ட பிறகுதான் ஏழு ஆண்டு என்ற வரையறை பரவலானது. பாடகர் ஜோங்ஹ்யுன் 2017-லும், பாடகிகள் சல்லியும் கூ ஹாராவும் 2019-லும் இளம் வயதிலேயே இறந்தார்கள். அந்தப் பெயர்களைப் பழைய ரசிகர்கள் இன்னும் தயங்கித்தான் சொல்வார்கள். தினமும் பாட்டுக்காரரின் சமையலையும் தூக்கத்தையும் பார்த்துப் பார்த்து, அவர்மேல் தனக்கு உரிமை இருப்பதாக ரசிகர் நினைக்க ஆரம்பிப்பதும் இதே வேலையின் மறுபக்கம்தான். 2024-இல் ஈஸ்பா குழுவின் கரினா காதலிக்கிறார் என்று செய்தி வந்ததும், தன் கையால் மன்னிப்புக் கடிதம் எழுதிப் போட வேண்டியிருந்தது. கம்பெனி வாசலில் எல்இடி திரை பொருத்திய லாரியை வாடகைக்கு எடுத்து நிறுத்திக் கண்டனம் தெரிவிப்பது இப்போது சகஜம். அதற்கு வெளிநாட்டு ரசிகர்களும் காசு போடுகிறார்கள். ஃபோட்டோகார்டுக்காக ஒரே ஆல்பத்தைப் பத்துப் பதினைந்து வாங்கி, சிடியைத் தெருவில் விட்டுப் போவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதெல்லாம் கம்பெனிகளுக்குத் தெரியாமல் நடப்பதில்லை, அவர்களுடைய வருமானமே அங்கேதான்.

2020-இல் 'டைனமைட்' வந்ததிலிருந்து முழு ஆங்கிலப் பாட்டுகள் பெருகிவிட்டன. பிடிஎஸ்ஸின் கம்பெனி பல நாடுகளிலிருந்து ஆள் எடுத்து, அமெரிக்காவிலேயே பயிற்சி கொடுத்து, கேட்ஸ்ஐ என்ற குழுவை இறக்கியும்விட்டது. எனக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை. துணைவரி போடவும், அர்த்தம் தேடவும் தேவையில்லாத பாட்டைக் கேட்பதற்கு உலகத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேட்டவருக்கு ஒன்று. மகளோடு உட்கார்ந்து செவன்டீன் குழுவின் நடனப் பயிற்சி வீடியோ ஏதாவது ஒன்றைப் பாருங்கள். 13 பேர், நடன அமைப்பிலும் பாட்டிலும் அவர்கள் கையே அதிகம். முதல் தடவை யார் யார் என்று ஒன்றும் பிடிபடாது, எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவார்கள். இரண்டாவது தடவை உங்கள் கண் தானாக ஒருவரின் பின்னால் போகும். அது யார் என்று அவளிடம் கேளுங்கள். பிறந்த ஊரில் ஆரம்பிப்பாள். அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.